கல்யாணத்தைப் பிறந்தநாளாக மாற்றிய வசனம்

இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்றன்றே திட்டு வாங்கிவிட்டேன். அவற்றை உங்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. நீங்களும் செய்வீர்கள், நீங்களும் திட்டு வாங்குவீர்கள், சரியாகிவிடும். ஒரே ஒரு தப்புக்கு மட்டும் எனக்குப் பாராட்டு கிடைத்தது. டப்பிங் வசனம் எழுதப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உதடு அசைவுக்குள் தமிழை எப்படி உட்கார வைப்பது என்பதையெல்லாம் ஒரு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கற்றுக்கொண்டுவிடலாம்.

எங்கள் ஸ்டூடியோ மன்னார்புரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்தியவர் அன்வர் பாய். ஒரு காலத்தில் மேடை நாடகம் போட்டவர். கனத்த உடம்பு, வெள்ளைத் தாடி, உடம்பைவிடக் கனத்த குரல். முதலாளியும் அவரே, டப்பிங் டைரக்டரும் அவரே. கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு டீ குடிப்போம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸிலேயே வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். ‘சூனியக்காரியே, என் மகளை விட்டுவிடு’ என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டுப் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து முன்னால் போய் நின்றவர்கள் உண்டு.

எங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு குழந்தைகள் சேனல். அதன் தலைமை அலுவலகம் சென்னையில். அந்த சேனல் கையை விட்டுப் போனால் அன்வர் பாய் ஸ்டூடியோவுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடித்த கூத்துக்கு இது சமாதானம் ஆகாது, ஆனால் காரணத்தில் பாதி இதுதான்.

அவர்கள் அனுப்பிய ஒரு வெளிநாட்டு கார்ட்டூன் படத்தின் கதை இது. ஒரு ராஜாவின் மகளை ஒரு சூனியக்காரி சபித்துவிடுகிறாள். அன்று முதல் இளவரசி வாயைத் திறந்தால் வாத்துச் சத்தம்தான் வரும். உண்மையான அன்பு உள்ளவர் முத்தமிட்டால் சாபம் நீங்கும். பதறிப்போன ராஜா முதலில் தானே மகளின் நெற்றியில் முத்தமிட்டுப் பார்க்கிறார். பலனில்லை. மூன்று தேசத்து இளவரசர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒருவனுக்கு இறகு என்றாலே தும்மல். ஒருவன் தன்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே முத்தம் கொடுக்கிறான். மூன்றாமவன் முத்தமிட வந்த இடத்தில் விருந்துச் சாப்பாட்டைப் பார்த்து வந்த வேலையை மறந்துவிடுகிறான். இதற்கிடையில் அரண்மனைக்குக் கீழே ஆற்றில் படகு ஓட்டும் பெண் ஒருத்தி இளவரசியின் வாத்து பாஷையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறாள். இருவருக்கும் காதல் வருகிறது. கடைசியில் படகுக்காரி முத்தமிட, சாபம் போகிறது. இரண்டு பெண்களுக்கும் கல்யாணம், ஆறு அடுக்குக் கேக், ஊர் முழுக்க ஆட்டம்.

வேலையைத் தொடங்கிய இரண்டாம் நாள் சேனலிலிருந்து கிருபாகரன் என்ற அதிகாரி போன் செய்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். இருபது படங்களை மொத்தமாக வாங்கியதில் இதுவும் வந்துவிட்டதாம். யாரும் கடைசி வரை பார்க்கவில்லையாம். இப்போதுதான் பார்த்தார்களாம். படத்தை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது, அதனால் வசனத்தில்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். ‘குழந்தைங்க கேள்வி கேட்டா பெத்தவங்க என்னங்க மேடம் பதில் சொல்லுவாங்க? அக்கா தங்கச்சின்னு ஆக்கிடுங்களேன்.’

எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. இதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது ஒரு குறுக்கெழுத்துப் போட்டி மாதிரிதான் இருந்தது. இரண்டே நாளில் முடித்தேன். படகுக்காரி, கைக்குழந்தையாக இருந்தபோது வெள்ளம் அடித்துக்கொண்டு போன அக்கா. அவர்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டு வெட்கப்படும் இடத்தில், ‘உன்னை எங்கேயோ பார்த்த ஞாபகம்.’ கல்யாணம், பிரிந்து சேர்ந்த சகோதரிகளின் பிறந்தநாள் விழா. இருவருக்கும் ஒரே தேதி, வருடம்தான் வேறு. மோதிரம் மாற்றும் இடத்தில், ‘அம்மாவோட மோதிரம், உனக்கு அளவு சரியா இருக்கான்னு பாரு.’ கையில் புத்தகத்தோடு நின்று கல்யாணம் செய்துவைக்கும் பெரியவர், பிறந்தநாள் வாழ்த்து படிக்கும் அரண்மனைக் கணக்கர்.

படித்துப் பார்த்த அன்வர் பாய்க்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. கிருபாகரன் போனில் என்னை ஜீனியஸ் என்றார். இரண்டு நாள் நான் தரையிலேயே நடக்கவில்லை.

வாத்துச் சத்தம் வேறு ஒரு தலைவலி. அதையும் நாங்களேதான் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். சாபம் நீங்கிய பிறகு பேசுவதற்கு ஒரு பெண் இருந்தாள், ஆனால் அவள் கத்தினால் வாத்து மாதிரியே இல்லை, காரின் ஹாரன் மாதிரி இருந்தது. நான்கு பேர் கத்திப் பார்த்தார்கள். யாருடையதும் அன்வர் பாய்க்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே மைக் முன்னால் போய் நின்று, தாடியை ஒதுக்கிக்கொண்டு, படம் முழுவதற்கும் இளவரசிக்காகக் கத்திக் கொடுத்தார். வெட்கம், கோபம், ஏக்கம் எல்லாவற்றையும் வாத்தாகவே காட்டினார். அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த நடிப்பு அது என்று இன்றும் சொல்வேன்.

படகுக்காரிக்குக் குரல் கொடுத்தவள் ஜெசிந்தா. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். முப்பது வயதிருக்கும். எதைப் படித்தாலும் நம்ப வைக்கிற குரல் அவளுக்கு. படகுத் துறையில் படகுக்காரி மனம் திறக்கும் காட்சிதான் படத்தின் உயிர். அந்தப் பக்கத்தைப் படித்தவள், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நான் மாடிப்படியில் டீயோடு நின்றிருந்தேன். ஒரிஜினலில் இவர்கள் அக்கா தங்கை இல்லைதானே என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, நான் எப்படியெல்லாம் மாற்றினேன் என்பதைப் பெருமையாக விளக்கினேன். பிறந்தநாள் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

‘நானும் மீனாவும் ஆறு வருஷமா ஒண்ணா இருக்கோம் மேடம்’ என்றாள் பிறகு. ‘அக்கா தங்கச்சின்னு சொல்லித்தான் வீடு கெடச்சுது. ஹவுஸ் ஓனரம்மா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குன்னு சொல்றாங்க.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பதே மண்டையில் ஏறியது. அவளும் சிரித்தாள்.

‘சிரிப்பாத்தான் இருக்கு. படத்துலயாவது வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன், அவ்வளவுதான்.’

உள்ளே போய்விட்டாள். மெஷின் நின்றது. ‘உன்னை இறக்கி விட்டுட்டுத் திரும்பும்போதுதான் தெரிஞ்சுது, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா’ என்ற என் வசனத்தை அவள் முதல் டேக்கிலேயே சொல்லி முடித்தாள். அப்படியே நம்பும்படி இருந்தது. அன்வர் பாய் மைக்கில் பிரமாதம் என்றார். ‘ஆறு வருஷ ரிகர்சல், பாய்’ என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. சேனலை நினைத்துப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், நான் போட்ட அழகான முடிச்சை நானே அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். நம் கெட்டிக்காரத்தனத்தின் மேல் நமக்கு வருகிற பிரியம் மாதிரி ஆபத்தானது இந்தத் தொழிலில் வேறு இல்லை.

ஒளிபரப்புக்கு ஒரு வாரம் முன்னால் சில குழந்தைகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவது அந்த சேனலின் வழக்கம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவிலேயே பாய் விரித்துப் பன்னிரண்டு குழந்தைகளை உட்கார வைத்தோம். முன் வரிசையில் அன்வர் பாயின் பேத்தி ஷமீரா, ஐந்து வயது. அவளுக்குப் பக்கத்தில் டயர் கடைக்காரரின் மகள் கயல்விழி, ஒன்பது வயது. ரயிலில் வந்து இறங்கிய கிருபாகரன் பின்னால் நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். ஜெசிந்தா கதவோரம் நின்றாள்.

முதல் பாதி பிரமாதமாகப் போனது. அன்வர் பாயின் வாத்துக்குக் குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தன. எங்கள் தாத்தா, எங்கள் தாத்தா என்று ஷமீரா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். படகுக்காரி இளவரசியின் கையைப் பிடித்த இடத்தில்தான் கயல்விழி திரும்பிப் பார்த்தாள். அக்கா என்றால் ஏன் வெட்கப்படுகிறாள் என்று கேட்டாள். அக்கா காணாமல் போனது ராஜாவுக்குத் தெரியாதா, ஏன் தேடவில்லை என்றது பின்னாலிருந்து ஒரு குழந்தை. அக்காவும் இளவரசிதானே, அவளுக்கு மட்டும் ஏன் படகு ஓட்டும் வேலை என்றது இன்னொன்று. கிருபாகரன் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் படகுக்காரி முத்தமிட்டாள், இளவரசி பேசினாள். குழந்தைகள் கைதட்டின. கயல்விழி மட்டும் தட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தவள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: ‘அக்கா முத்தம் குடுத்து சாபம் போச்சுன்னா, அப்பா குடுத்தப்பவே போயிருக்கணுமே. அப்ப அந்த ராஜாவுக்குப் பொண்ணு மேல பாசமே இல்ல.’

ஷமீரா அவளைப் பார்த்தாள், திரையில் இருந்த ராஜாவைப் பார்த்தாள், பிறகு உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். தினமும் போனில் முத்தம் கொடுப்பார். ‘எங்க அத்தா முத்தம் குடுத்தா எனக்கு சாபம் போகாதா?’ என்று ஆரம்பித்தாள் பாருங்கள், அந்த அழுகை கீழே டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு குழந்தைகள் சேர்ந்துகொண்டன. அழாதவை, ராஜா கெட்டவன் என்று கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தன. திரையில் அந்த அப்பாவி ராஜா கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

அன்வர் பாய் படத்தை நிறுத்தினார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாத்து மாதிரி கத்திப் பார்த்தார். அவள் இன்னும் பலமாக அழுதாள். ‘மேடம், ஏதாவது சொல்லுங்க’ என்றார் என்னைப் பார்த்து. என்னிடம் ஒரு சமாளிப்பு தயாராகவே இருந்தது. ராஜா உண்மையான அப்பா இல்லை, வளர்ப்பு அப்பா என்று சொல்லிவிடலாம். இருபது நொடியில் தோன்றியது, கச்சிதமாகவும் இருந்தது. வாயைத் திறக்கும்போது கதவோரம் ஜெசிந்தா கண்ணில் பட்டாள். அவள் என்னை முறைக்கவெல்லாம் இல்லை. அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி, களைப்பாக நின்றிருந்தாள்.

நான் போய் பாயில் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது சுலபமான காரியம் இல்லை. ‘தப்பு என்னோடது’ என்றேன். ‘அவ அக்கா இல்ல. நான்தான் மாத்தி எழுதிட்டேன். அவ படகு ஓட்டுற பொண்ணு. இளவரசிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அவளுக்கு இளவரசியை ரொம்பப் பிடிக்கும். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க.’

பின்னால் கிருபாகரனின் நோட்டுப் புத்தகம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஷமீரா விசும்பலை நிறுத்தினாள். ‘அப்ப ராஜாவுக்குப் பாசம் இருக்கா?’

நிறைய இருக்கிறது என்றேன். அப்பா பாசம் அப்பா பாசம், அந்தச் சூனியக்காரி போட்ட சாபத்துக்கு மட்டும் காதல் வேண்டியிருந்தது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள். கயல்விழி திரையைக் காட்டி, அப்படியானால் அது கல்யாணக் கேக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ‘அதான் மெழுகுவத்தி இல்ல’ என்றாள். அவளுக்கு அவ்வளவு நேரமும் அதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. மீதிப் படத்தைப் போடச் சொல்லிக் கத்தினார்கள். போட்டோம். முடிந்ததும் முறுக்கு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அறையில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சினோம். இத்தோடு ஸ்டூடியோவுக்குப் பூட்டுதான் என்று அன்வர் பாய் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிருபாகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கேள்வி வரக்கூடாது என்றுதானே மாற்றச் சொன்னோம் என்று என்னிடம் வருத்தமாகக் கேட்டார். அவர் நோட்டுப் புத்தகத்தையே எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அக்கா என்று சொன்னபோது ஏழு கேள்விகள். உண்மையைச் சொன்ன பிறகு இரண்டு, அதிலும் ஒன்று கேக்கைப் பற்றி.

அவர் மூன்று முறை எண்ணினார். பிறகு மாடிப்படிக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது. ‘இல்ல சார், கொள்கை அது இதெல்லாம் ஒண்ணும் இல்ல. அக்கான்னு சொன்னா ராஜா கெட்டவனாயிடறான் சார்.’ மறுமுனையில் இருந்தவருக்கு எந்த ராஜா என்பதே தெரியவில்லை. கிருபாகரன் முழுக் கதையையும் முதலிலிருந்து சொன்னார். தும்மல் இளவரசன் வரும் இடத்தில் தும்மியும் காட்டினார். இருபது நிமிடம் ஆயிற்று. அந்தப் பயந்த மனிதருக்குள் இப்படி ஒரு கதைசொல்லி இருந்தது யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரிஜினலில் உள்ளபடியே போக அனுமதி கிடைத்தது. ஆனால் ஞாயிறு காலையில் வரவேண்டிய படத்தைச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிவிட்டார்கள், ஊரே தூங்கும் நேரத்துக்கு. முழு வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் தொழிலில் கிடைப்பது பெரும்பாலும் இந்த அளவுதான்.

திங்கட்கிழமை படகுத் துறைக் காட்சியை மறுபடி எடுத்தோம். நான் பழைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரிஜினல் சொல்வதை மட்டும் எழுதியிருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை. ‘ஆளை இறக்கி விட்டா படகு லேசாகும். உன்னை இறக்கி விட்டா மட்டும் கனமாகுது.’ இந்த முறை ஜெசிந்தாவுக்கு முதல் டேக் வரவில்லை. ஒன்பது டேக் ஆனது. எட்டு முறை பாதியில் குரல் நின்றுவிட்டது. அன்வர் பாய், கீழே மெஷின் ஓடுகிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று டயர் கடை விடுமுறை.

ஒளிபரப்பான பிறகு கோபமாக இரண்டு கடிதங்கள் வந்தன. சேனல் அவற்றுக்குப் பணிவாகப் பதில் எழுதியது. மூன்றாவது கடிதம் தொட்டியம் பக்கத்தில் வாத்து வளர்க்கும் ஒருவரிடமிருந்து. கதை நன்றாக இருந்தது, வீட்டில் எல்லோரும் பார்த்தோம், ஆனால் ஒரு பெண்ணுக்கு ஆண் வாத்தின் குரலைக் கொடுத்திருப்பதை ஏற்றுக்கொள்ள முடியாது என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். அன்வர் பாய் அதை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்தார்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு முக்கொம்புக்குப் போயிருந்தேன். மீன் வறுவல் கடைப் பக்கம் ஜெசிந்தா நின்றிருந்தாள், உடன் உயரமான ஒரு பெண். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாத்தனாரிடம் அவளை அறிமுகம் செய்துவைத்தேன். அவர் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கிற ரகம். உடன் வந்திருப்பது யார் என்று உடனே கேட்டுவிட்டார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்க எனக்கு நான்கைந்து பதில்கள் தயாராக இருந்தன, எல்லாமே நம்பும்படியானவை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

‘இவ மீனா’ என்றாள் ஜெசிந்தா. பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ‘என் ஆளு’ என்றாள்.

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் அடுத்தவர் வாய்க்கெல்லாம் வசனம் எழுதிய எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. சாப்பிட்டாச்சா என்று மட்டும் மீனாவிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த மீன் வறுவல் தட்டை எங்கள் பக்கம் நீட்டினாள். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டது நாத்தனார்தான்.